வியட்நாமும் பங்களாதேஷும்: ஒரே எடத்துல நின்னவங்க எப்படி இவ்ளோ தூரம் பிரிஞ்சாங்க?

பனியன் பையன்:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கற கேள்விங்க. நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர், அதாவது பையர்ட்ட விலை பேசி ஆர்டர முடிச்சுக் குடுக்கறவன். ஒவ்வொரு சீசனும் காஸ்டிங் ஷீட் அனுப்பினா ஐரோப்பா பையர்ட்ட இருந்து ரெண்டே ரெண்டு பதில்தான் வரும். சாதா ரவுண்ட் நெக் டீஷர்ட், மூணு டாலர்னு போட்டோம்னா "எங்க கோடவுனுக்கு வந்து சேர்ற விலைய பாத்தா டாக்கா சரக்கு முப்பது சென்ட் கம்மி"ம்பான். கொஞ்சம் வேலைப்பாடான ஜாக்கெட், ஸ்போர்ட்ஸ் ஐட்டம்னா "அது வியட்நாமுக்கு போயிருச்சு"ம்பான். நடுவுல நாம முழிச்சுட்டு நிக்கறோம்.

சரி இந்த ரெண்டு பேரும் யாருதான்னு உலக வங்கி கணக்கெடுத்து உக்காந்தேன். 1990ல தலைக்கு வருமானம் வியட்நாம்ல 100 டாலர் கூட இல்ல, பங்களாதேஷ்ல 300 டாலர் பக்கம். அதாவது பங்களாதேஷ்தான் மூணு மடங்கு மேல! 2024க்கு வந்தா வியட்நாம் 4,700 பக்கம், பங்களாதேஷ் 2,600 பக்கம். ரெண்டும் போர்ல அடிபட்ட நாடு, ரெண்டும் நெல்லு, ஆறு, வெள்ளம், ரெண்டும் துணி தச்சுத்தான் மேல வந்துச்சு. அப்புறம் எங்க பிரிஞ்சாங்க? இதுக்கு மேல பத்து வருஷத்துல பங்களாதேஷ் புடிச்சிருமா?

அங்க வேலை பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. இந்தியா பெருசா சீனா பெருசான்னு மட்டும் வந்துராதீங்க ப்ளீஸ்.


கர்ணபுலி காத்து:

தம்பி, பங்களாதேஷ்ல டாக்கா பக்கம் காஜிப்பூர்ல ஒரு மில்லுல டையிங்ல (சாயம் போடற எடம்) ஏழு வருஷம் இருந்துட்டு வந்தவன் நான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கங்க.

மொதல்ல பங்களாதேஷ மட்டமா நினைக்காதீங்க. 1971ல நாடு பிறந்தப்ப சணலத் தவிர வெளிய விக்க பெருசா ஒண்ணும் இல்ல. 1974ல பஞ்சம். அந்த நெலமைல இருந்து உலகத்துல சீனாவுக்கு அடுத்து துணி ஏத்துமதின்னு வந்து நின்னாங்கன்னா சும்மா இல்ல. அந்தக் கதை ஆரம்பிச்சது 1979ல. அப்ப தென்கொரியா துணிக்கு அமெரிக்கா இவ்ளோதான் அனுப்பலாம்னு கோட்டா போட்டு இறுக்கி வச்சிருந்தாங்க, பங்களாதேஷுக்கு கோட்டாவே இல்ல, ஏன்னா அவன்ட்ட ஏத்துமதியே இல்லியே. தென்கொரியா தேவூ கம்பெனிக்காரன் பாத்தான், தேஷ் கார்மென்ட்ஸ்னு ஒரு உள்ளூர் கம்பெனியோட கை கோத்து நூத்திமுப்பது பேர அவன் ஊரு பூசானுக்கு கூட்டிட்டுப் போய் ஆறு மாசம் தையல்ல இருந்து ஷிப்மென்ட் வரைக்கும் எல்லாம் கத்துக் குடுத்தான். திரும்பி வந்தவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு மேல கொஞ்ச வருஷத்துல கழண்டு போயி தனியா கம்பெனி போட்டாங்க, இல்லைன்னா போட்டவங்களுக்கு சொல்லிக் குடுத்தாங்க. நம்ம ஊர்ல மாஸ்டர் கழண்டு போயி சொந்தமா பவர்டேபிள் (கூலிக்கு தைக்கற யூனிட்) போடற மாதிரியேதான்.

இதுல உண்மையான சூட்சுமம் பேக் டு பேக் எல்சி. எல்சின்னா சரக்கு போனா பணம் வரும்னு பேங்க் குடுக்கற உத்தரவாத லெட்டர். பையர் அனுப்பற எல்சியவே பேங்க்ல காட்டி, அது பேர்ல துணி வாங்க இன்னொரு எல்சி தொறந்துக்கலாம். துணி டூட்டி இல்லாம உள்ள வரும், பாண்டட் வேர்ஹவுஸ்ல (டூட்டி கட்டாம சரக்கு வைக்கற கோடவுன்) நிக்கும், தச்சு கப்பல்ல ஏத்தி பணம் வந்த பொறகு துணிக்காரனுக்கு செட்டில் பண்ணா போதும். கைல காசே இல்லாதவன் மொதலாளி ஆகறதுக்கு இதவிட நல்ல வழி இருக்கா சொல்லுங்க.

ஆனா சிக்கல் என்னன்னா அந்த சலுகையெல்லாம் கார்மென்ட்ஸுக்கு மட்டும்தான் ஒழுங்கா கெடச்சுது. செருப்பு பண்றவன், சைக்கிள் பண்றவன், எலக்ட்ரானிக்ஸ் பண்றவன் எல்லாம் டூட்டி கட்டிட்டு வரிசைல நிக்கணும். நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சும் ஏத்துமதில 80 சதவீதத்துக்கு மேல துணிதான்.

அப்புறம் கேஸ். மில்லு ஜெனரேட்டர், பாய்லர் எல்லாம் குழாய் கேஸ்லதான் ஓடும். சாயந்தரம் ஆனா பிரஷர் முள்ளு எறங்க ஆரம்பிக்கும், ஸ்டீம் பத்தாது, மிஷின்ல ரியாக்டிவ் கலர் 60 டிகிரில ஓடிட்டு இருக்கும், டெம்பரேச்சர் விழுந்துச்சுன்னா ஷேடு போச்சு. மறுபடி மேல கலர் சேத்து டாப்பிங் போட்டு எடுத்தா ஒரு நாள் போயிரும், அங்க ஷிப்மென்ட் தேதி கழுத்தப் புடிக்கும். நான் ராத்திரி பதினொரு மணிக்கு பாய்லர் ரூம்ல அந்த முள்ளயே பாத்துட்டு நின்ன நாள் கணக்கே இல்ல. அதுவும் 2023 பிப்ரவரில பெரிய தொழிற்சாலைக்கு கேஸ் ஒரு கியூபிக் மீட்டர் 12 டாக்கால (அவங்க ஊர் காசு) இருந்து ஒரேயடியா 30 டாக்கான்னு ஏத்தினாங்க. அதே வருஷம் ஜூன்ல பாய்ரா அனல் மின் நிலையத்த நிலக்கரி வாங்க டாலர் இல்லைன்னு நிறுத்தி வச்சாங்க.


சும்மா வந்தேன்:

அண்ணா இத தனிப் பதிவாவே போடலாம். ஆனா வியட்நாம் பத்தி ஒரு வரி கூட இல்லியே 😄


சைகோன் டைரி:

வியட்நாம் பக்கம் நான் சொல்றேன். சைகோன் பக்கத்துல பின் யூங்ல ஷூ கம்பெனிகளுக்கு மெட்டீரியல் சப்ளை பண்ற ஆபீஸ்ல இருக்கேன் (பின் யூங்க 2025 ஜூலைல ஹோ சி மின் சிட்டியோடயே சேத்துட்டாங்க, இன்னும் எங்க யாருக்கும் அட்ரஸ் எழுத வரல).

இவங்க சோசியலிஸ்ட் நாடுன்னு நினைச்சுட்டு வந்தா ஏமாந்துருவீங்க, இங்க வியாபாரம்தான் மூச்சு. 1986ல பணவீக்கம் 700 சதவீதத்துக்கு மேல, அரிசி வெளிய இருந்து வாங்கித் தின்ன நாடு. அந்த வருஷம் கட்சி மாநாட்டுல டோய் மோய் (சீர்திருத்தம்)னு சொல்லி வழிய மாத்தினாங்க. 1988ல நெலத்த கூட்டுப்பண்ணைல இருந்து எடுத்து குடும்பத்துக்கு குடுத்தாங்க, மறு வருஷமே பத்து லட்சம் டன்னுக்கு மேல அரிசி ஏத்துமதி. அதே மண்ணு, அதே வெவசாயி, அதே மழை. வெளையறது யாருக்குன்னு மட்டும்தான் மாறுச்சு.

அடுத்தது கதவ ஒவ்வொண்ணா தொறந்தது. 1995ல அமெரிக்காவோட உறவு, அதே வருஷம் ஆசியான், 2001 கடைசில அமெரிக்காவோட வர்த்தக ஒப்பந்தம், 2007ல உலக வர்த்தக அமைப்பு, 2020ல ஐரோப்பாவோட ஒப்பந்தம். நேத்து குண்டு போட்டவனோட இன்னிக்கு கையெழுத்து போடறதுக்கு ஒரு தெகிரியம் வேணும் இல்லியா. இது ஒவ்வொண்ணும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு "இங்க வந்து போடு, சரக்கு எங்க வேணா போகும்"னு சொன்ன மாதிரி. சாம்சங் 2009ல வடக்க பாக் நின்ங்கற எடத்துல போன் பண்ண ஆரம்பிச்சான், இன்னிக்கு அவன் உலகம் பூரா விக்கற போன்ல பாதிக்கு ஒட்டி இங்க இருந்துதான் போகுது. பின்னாடியே அவனோட சப்ளையர் கூட்டம் வந்துச்சு. சட்டைல ஆரம்பிச்சு ஷூ, ஷூல இருந்து சோஃபா, அப்புறம் போனு, லேப்டாப்புன்னு மேல ஏறினாங்க.

ஏறறதுக்கு ஆளு ரெடியா இருந்துச்சு, அதத்தான் நான் பெருசா சொல்லுவேன். 2012 பிசா பரீட்சைல (பல நாட்டு 15 வயசுப் புள்ளைங்களுக்கு வைக்கற பரீட்சை) வியட்நாம் புள்ளைங்க கணக்குல அமெரிக்காவ விட மார்க் அதிகம். எங்க கஸ்டமர் ஃபாக்டரில ஒரு லைன் லீடர் அக்கா இருக்காங்க, மீகாங் பக்கம் கிராமத்துல இருந்து வந்தவங்க, பன்னெண்டாவதுதான். புது மாடலுக்கு டெக் பேக் (எப்படித் தைக்கணும்னு பையர் அனுப்பற விவரம்) வந்தா மொதல்ல அவங்கதான் படிச்சுட்டு "இந்த தையல இந்த ஆர்டர்ல போட்டா ஒட்டற எடத்துல சுருங்கும்"னு இன்ஜினியருக்கு சொல்லுவாங்க. அவரு மொதல்ல ஒத்துக்க மாட்டாரு, ட்ரயல் போட்டா அப்படியே சுருங்கி நிக்கும். இங்க பொம்பளைங்கள்ல பத்துக்கு ஏழு பேர் பக்கம் வேலைக்குப் போறாங்க. காலைல ஆறரைக்கு ரோட்ட பாத்தா ஹெல்மெட்டும் மாஸ்க்குமா ஆத்துத் தண்ணி மாதிரி பைக் போகும், பாதி பொம்பளைங்கதான்.

போர்ட்டும் ஒண்ணு. சைகோன் பக்கம் காய் மெப் போர்ட்ல பெரிய தாய்க்கப்பலே நேரா வந்து நிக்குது, அங்க இருந்து நேரா அமெரிக்கா.


கர்ணபுலி காத்து:

ஆமாங்க, போர்ட்ட விட்டுட்டேன் பாருங்க. சிட்டகாங் ஆத்துக்குள்ள இருக்கற போர்ட், ஆழம் பத்து மீட்டர் அளவுக்குத்தான். சின்னக் கப்பல்ல ஏத்தி கொழும்பு இல்லைன்னா சிங்கப்பூர் போயி பெரிய கப்பலுக்கு மாத்தணும். மாதர்பாரில ஆழ்கடல் துறைமுகம் கட்டிட்டு இருக்காங்க, அது முடியட்டும் பாப்போம்.


கணக்கு வாத்தி:

எல்லாரும் வியட்நாமுக்கு மாலை போட்டுட்டு இருக்கீங்க, நான் கொஞ்சம் தண்ணி ஊத்தறேன்.

முதல்ல அந்த 1990 கணக்கு. 100க்கும் 300க்கும் மூணு மடங்குன்னு சொல்றது ஏமாத்துற கணக்கு தம்பி. எண்பதுகள் கடைசியில வியட்நாம் காசு டோங் மதிப்ப அடிமட்டத்துக்கு இறக்கினாங்க, அந்த ரேட்டுல டாலரா மாத்தினா எந்த நாடும் பிச்சைக்கார நாடாத்தான் தெரியும். ஒரு டாலருக்கு உள்ளூர்ல எவ்வளவு சாமான் வாங்கலாம்னு பாத்து, அதாவது வாங்கும் சக்தில போட்டா ரெண்டு நாடும் அன்னிக்கு கிட்டத்தட்ட ஒரே தட்டுலதான் இருந்துச்சு. ஆக வியட்நாம் முந்துச்சுங்கறது நெஜம், ஆனா நீங்க நெனைக்கற மாதிரி பாதாளத்துல இருந்து இல்ல.

ரெண்டாவது, பெருக்குற துடைக்கற வேலை நம்மள்து, வீடு யாருதுன்னு கேக்கணும்ல? வியட்நாம் ஏற்றுமதியில 70 சதவீதத்துக்கு மேல வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனிகள்து. சிப்பு, டிஸ்ப்ளே எல்லாம் கொரியாவுல இருந்தும் சீனாவுல இருந்தும் வரும், பூட்டி டப்பால போட்டு அனுப்பறாங்க. லாபம் சியோலுக்குப் போகுது. பங்களாதேஷ்ல கார்மென்ட்ஸ் முதலாளி பெரும்பாலும் உள்ளூர்க்காரன். நிட் துணிய (பனியன் மாதிரி பின்னல் துணி) பெரும்பாலும் அங்கயே பின்னி அங்கயே சாயம் போடறான். இத யாருமே பேச மாட்டேங்கறீங்க.

ஊழல்னா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சது இல்ல. பங்களாதேஷ்ல பிரதமரா இருந்த ஹசீனா போன பிறகு போட்ட வெள்ளை அறிக்கைல 2009ல இருந்து வருஷத்துக்கு 1,600 கோடி டாலர் அளவுக்கு வெளிய கடத்துனதா சொல்றாங்க. வியட்நாம்ல ஒரே ஒரு அம்மா ஒரு பேங்கையே தன் கல்லாப்பெட்டி மாதிரி வச்சு 1,250 கோடி டாலர் சுருட்டினாங்கன்னு 2024 ஏப்ரல்ல மரண தண்டனை விதிச்சாங்க.


சைகோன் டைரி:

வாத்தியாரே, லாபம் சியோலுக்குப் போகுதுங்கறது சரிதான், நான் மறுக்கல. ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் பாக் நின்ல நாலு வருஷம் சாம்சங் சப்ளையர்ட்ட க்வாலிட்டில இருந்துட்டு இப்ப சொந்தமா மோல்டு கடை போட்டிருக்கான், அவனுக்கு ஆர்டர் குடுக்கறதே பழைய கம்பெனிதான். பூசான் போயிட்டு வந்து கழண்டு போனாங்கன்னு கர்ணபுலி அண்ணா சொன்னார்ல, அதுதான் இங்க போன் பார்ட்ஸ்ல நடக்குது, மெதுவா. உள்ளூர் சப்ளையர் இன்னும் ரொம்பக் கம்மி, அது இங்க கவர்மென்ட்டே பொலம்பற விஷயம்.


கணக்கு வாத்தி:

மெதுவாங்கறீங்களே, அதத்தான் நானும் சொல்றேன். சரி, பங்களாதேஷையும் விடப் போறதில்ல. அவங்க அரசாங்கத்துக்கு வரி வசூல் ஜிடிபில 8 சதவீதம் கூடத் தேறாது. வியட்நாம்ல அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. ரோடு, ஸ்கூல், கரண்டு, போர்ட்டுன்னு நீங்க ரெண்டு பேரும் சொன்ன அத்தனைக்கும் காசு எங்க இருந்து வரும்? பத்மா பாலத்துக்கு உலக வங்கி 2012ல கைய விரிச்சப்ப சொந்தக் காசுல கட்டறோம்னு கட்டி 2022ல தொறந்தாங்க, ஆறு கிலோமீட்டருக்கு மேல, கெத்துதான். ஆனா வருஷத்துக்கு ஒரு பத்மா கட்ட கல்லால காசு வேணும்ல.

இன்னொண்ணு, கணக்கே தப்புன்னா என்ன செய்யறது. 2024 ஜூலையில அவங்க மத்திய வங்கியே ஏற்றுமதிக் கணக்க திருத்துச்சு, பத்து மாசத்துல ஆயிரம் கோடி டாலருக்கு மேல கூட்டிக் காட்டியிருந்தாங்களாம். அதனால அந்த 2,600 டாலர நான் பென்சில்லதான் எழுதி வச்சிருக்கேன்.


யாழ் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்பில காமென்ட்ஸ் கம்பனி ஒண்டில வேலை செய்து போட்டு பிறகு டாக்காவில ஆறு வருஷம் இருந்தனான். அங்க எங்கட நாட்டு ஆக்கள் கனபேர் மேனேஜரா இருக்கினம், அதால கொஞ்சம் சொல்லலாம் எண்டு நினைக்கிறன்.

ஜிடிபி எண்டு கதைக்கேக்க ரானா பிளாசாவ மறக்கக் கூடாது, டாக்காவுக்குப் பக்கத்தில இடிஞ்சு விழுந்த காமென்ட்ஸ் கட்டிடம். 2013 ஏப்ரல் 24. முதல் நாளே சுவரில வெடிப்பு விழுந்திருந்தது, கீழ் மாடியில இருந்த பேங்க் தன்ர ஆக்கள வீட்ட அனுப்பிப் போட்டுது. தைக்கிற பிள்ளையள மட்டும் உள்ள போ எண்டு அனுப்பினவை. 1,100 பேருக்கு மேல செத்தது. அந்த முப்பது சென்ட்டுக்குள்ள இதுவும் இருந்தது தம்பி, அந்த நேரம். அதுக்குப் பிறகு மாறினது எண்டும் சொல்லத்தான் வேணும், நெருப்பு, கட்டிடம் எல்லாம் வெளி ஆக்கள் வந்து செக் பண்ணி கனக்க ஃபாக்டரிய பூட்டினவை. இண்டைக்கு லீட் சான்றிதழ் (சுற்றுச்சூழலுக்கு நல்ல கட்டிடம் எண்டு குடுக்கிறது) உள்ள காமென்ட்ஸ் ஃபாக்டரி உலகத்திலயே ஆகக் கூட இருக்கிறது பங்களாதேஷிலதான், 200க்கு மேல. சில இடத்தில கன்டீன் எங்கட கம்பஸ் கன்டீன விட திறம்.

சம்பளத்தையும் பாருங்கோ. 2023 டிசம்பரில இருந்து காமென்ட்ஸில ஆகக் குறைஞ்ச சம்பளம் 12,500 டாக்கா, அண்டைய கணக்கில 113 டாலர் மட்டில. வியட்நாமில பெரிய நகரப் பக்கம் 200 டாலருக்குக் கிட்ட. அப்பிடி இருந்தும் ஆர்டர் வியட்நாமுக்குப் போகுது எண்டா மலிவு மட்டும் காரணம் இல்லத்தானே.

இன்னுமொண்டு. 2021ல எங்கட நாட்டில டாலர் வத்தேக்க 20 கோடி டாலர் கைமாத்து தந்தது பங்களாதேஷ்தான். ஒரு காலத்தில நாங்கள் அவைக்கு முன்னால எண்டு நினைச்சுக் கொண்டிருந்தம். 2023லதான் திருப்பிக் குடுத்து முடிச்சது. ஆர் ஆரப் பிடிப்பினம் எண்டு பத்து வருஷத்துக்கு முன்னுக்குச் சொல்லுறதில எனக்கு நம்பிக்கை போயிட்டுது.


சும்மா வந்தேன்:

ட்ரம்ப் வரி என்னாச்சு? அதுல யாரு அடி வாங்கினது?


சைகோன் டைரி:

2025 ஏப்ரல்ல வியட்நாமுக்கு 46 சதவீதம், பங்களாதேஷுக்கு 37னு போட்டான், இங்க ஒரு வாரம் ஆபீஸ்ல யாருமே வேலை பாக்கல, போனையே பாத்துட்டு இருந்தோம். அந்த ஆகஸ்ட்ல ரெண்டு பேருக்கும் 20ன்னு வந்து நின்னுச்சு. அடி வாங்கினது யாருன்னு கேட்டா அப்ப இந்தியாவுக்குப் போட்ட 50 சதவீதத்தோட திருப்பூர்ல உக்காந்திருந்தவங்களத்தான் கேக்கணும்.


பனியன் பையன்:

அத ஏன் கேக்கறீங்க 🙏

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ வரும்னு நெனைக்கல. யாழ் அண்ணா, ரானா பிளாசா பத்தி சொன்னது ரெண்டு நாளா மனசுல நிக்குது, அந்த வருஷம் எங்க கம்பெனிலயும் பையர் ஆடிட்னு வந்து படிக்கட்டு அகலத்தையெல்லாம் டேப் வச்சு அளந்தாங்கன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. ஏன்னு இப்பத்தான் புரியுது.

இன்னொரு டவுட். 2026 நவம்பர்ல பங்களாதேஷ் ஏழை நாடு லிஸ்ட்ல இருந்து வெளிய வருதாம்ல, அப்ப டூட்டி இல்லாத சலுகை போயிருமா? எங்க எம்டி அதச் சொல்லித்தான் "பொறு, நல்ல காலம் வருது"ங்கறாரு.


கர்ணபுலி காத்து:

உங்க எம்டிக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேணும் தம்பி. ஐநா தேதி 2026 நவம்பர்தான், ஆனா ஐரோப்பாக்காரன் அதுக்கு மேல மூணு வருஷம் அப்படியே விடறேன்னு சொல்லிட்டான், ஆக 2029. அதுக்கப்புறம் அவங்க துணியும் உள்ளூர்லயே செஞ்சிருக்கணும்னு கண்டிஷன் வரும், நிட்டுக்கு சமாளிச்சிருவாங்க, ஓவன் (நெய்த துணி) சட்டைக்காரனுக்குத்தான் திண்டாட்டம்.

நூல் விஷயமும் பாத்துக்கங்க. 2025 ஏப்ரல்ல தரைவழியா இந்திய நூல் வரக்கூடாதுன்னு அவங்க நிறுத்தினாங்க, மே மாசம் நம்மாளு அவங்க ரெடிமேட் தரைவழியா வரக்கூடாதுன்னு நிறுத்தினான். அதுக்கப்புறம் நூலு கப்பல்ல சுத்திட்டுப் போச்சு. சண்டை எல்லைல, வட்டி கட்டறது மில்லுக்காரன்.

உங்க மொதல் கேள்விக்கு வரேன். 2025 கணக்குப்படி ஐரோப்பாவுல பங்களாதேஷ்காரனுக்கு டூட்டி சைபர், நமக்கு டீஷர்ட்டுக்கு பத்து சதவீதத்துக்கு ஒட்டி. மூணு டாலருக்கு பத்து சதவீதம் போட்டுப் பாருங்க. முப்பது சென்ட்டு எங்க இருக்குன்னு தெரியும்.


பனியன் பையன்:

அட கடவுளே. ஆறு மாசமா கட்டிங் வேஸ்டேஜ கொறைங்கன்னு மாஸ்டர்ட்ட சண்டை போட்டுட்டு இருக்கேன்.